குங்குமம் நின்ற கோடு

செப்டம்பர் 7, ஞாயிறு

192 கிராம். தராசை நகர்த்தி வைத்து மறுபடியும் பார்த்தேன். அப்போதும் 192.

கேக் செய்யப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி வாங்கிய தராசு இது. இதுவரை கேக் மாவு அதில் ஏறியதே இல்லை. பெடல், செயின், போல்ட், நைனாவின் ஹெல்மெட், ஒருமுறை தெருப் பூனைக்குட்டி, இவைதான் ஏறியிருக்கின்றன. இன்று கார்பன் ஹேண்டில்பார். இரண்டு வருடம் ஸ்க்ரீனில் மட்டும் பார்த்த பொருள் எங்கள் வீட்டு ஹாலில், பாயின் மேல் கிடக்கிறது. கறுப்பு. வெயிலில் திருப்பினால் உள்ளே மீன் செதில் மாதிரி நெசவு தெரிகிறது. பத்து தடவையாவது திருப்பியிருப்பேன்.

பழைய அலுமினியம் 318. ஆக 126 கிராம் மிச்சம். அடுத்த மாதம் நைனா நாற்பது மணி நேரத்துக்குள் அறுநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டப்போகிறார். 126 கிராமைச் சுமந்துகொண்டு அறுநூறு கிலோமீட்டர் போவதும் சுமக்காமல் போவதும் ஒன்றா?

நைனா கையில் வாங்கி, காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார், தேங்காய் வாங்குகிற மாதிரி.

“இன்னா பாப்பா, அப்பளம் மாதிரி இருக்குது. தாங்குமா?”

“ஏரோப்ளேனே இதுலதான் செய்றாங்க நைனா.”

“நான் ஏரோப்ளேன் இல்லியே. தொண்ணூத்திரெண்டு கிலோ.”

நானே மாட்டினேன். நடுவில் கிளாம்ப் பிடிக்கிற இடத்தில் துருப்பிடிக்காமல் இருக்க லேசாக கிரீஸ் தடவினேன். இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்சை ஐந்தில் வைத்து நாலு போல்ட்டையும் மாற்றி மாற்றி இறுக்கினேன். போதும் என்றால் அதுவே ‘க்ளிக்’ என்று சொல்லும். உலகத்திலேயே எனக்குப் பிடித்த சத்தம் அது.

பழைய ஹேண்டிலை பஸ் ஸ்டாண்ட் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிற இளவரசன் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு அவர் கேட்டது: “கார்பன்னா கரிதான? மழையில நனஞ்சா சாயம் போவுமா பாப்பா?”

இனிமேல் எங்கள் சைக்கிளுக்குப் பெயர் கரி வண்டியாம்.


செப்டம்பர் 9, செவ்வாய்

வேலைக்குக் கிளம்பும்முன் நைனா சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மறுபடி ஒருமுறை தூக்கினார்.


செப்டம்பர் 14, ஞாயிறு

நைனா இன்று 150 கிலோமீட்டர். அவலூர்பேட்டை, திருவண்ணாமலை, அப்படியே சுற்றி வீடு. வந்ததும் முதல் வார்த்தை, “ஹேண்டில் லேசா தலய தொங்கப் போட்டுக்குது பாப்பா.”

பார்த்தேன். உண்மைதான். குழியில் குதித்துக் குதித்து கிளாம்புக்குள் ஒரு விரல் அளவு முன்பக்கம் சுழன்றிருக்கிறது. நேராக்கி மறுபடி ஐந்து. க்ளிக்.

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான். அதுக்கு மேல இறுக்கக் கூடாது. கார்பன் கோச்சிக்கும்.”

நைனா சிரித்தார். ஆனால் பார்வை போல்ட்டை விட்டு நகரவில்லை.


செப்டம்பர் 20, சனி

வீடியோ போட்டுவிட்டேன். ‘126 கிராம் எங்கே போச்சு?’ என்று தலைப்பு. என் டெலிகிராம் குழுவில் 340 பேர். அதில் பாதிப் பேர் தூங்குகிறார்கள், மீதிப் பேர் நான் எதைச் சொன்னாலும் சண்டைக்கு வருகிறார்கள். ஆனால் இன்று இரண்டு பேர் இதே ஹேண்டிலை ஆர்டர் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர் கோயம்புத்தூர், இன்னொருத்தி மதுரை. வெண்மதி என்று பெயர்.

நான் சொல்லி இரண்டு பேர்! செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு!

போன வாரத்திலிருந்து ஹேண்டில் நகரவே இல்லை. சத்தமும் இல்லை. என் கைராசி.


செப்டம்பர் 27, சனி

இன்று நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். நைனாவுக்கு இன்டர்நெட் கேபிள் இழுக்கிற வேலை. வடக்குத் தெருவில் கம்பத்தின் மேலே இருந்தார். கீழே ஏணியைப் பிடித்திருந்த சேரன் அண்ணன் என்னைப் பார்த்ததும், “யோவ் நானூத்திமுப்பது, ஒம் பொண்ணு சோறு கொணாந்திருக்குது” என்று கத்தினார்.

போன வருடம் நைனா அறுநூறு ஓட்டப் போய் 430-ல் முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் பெயர் அரிகிருஷ்ணன் இல்லை, நானூத்திமுப்பது. நைனாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் வீட்டில் காலண்டரில் அக்டோபர் 11-ஐச் சுற்றி வட்டம் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். 200, 300, 400 கிலோமீட்டர் மூன்றையும் இந்த வருடமே முடித்தாயிற்று. 600-உம் இதே அக்டோபருக்குள் முடிந்தால்தான் நாலும் சேர்ந்து பதக்கத்துக்குக் கணக்கு. இல்லையென்றால் மறுபடி இருநூறிலிருந்து.

நைனா இறங்கும்முன் கம்பத்தில் மாட்டின கிளாம்பை இறுக்கி முடித்தார். பிறகு உடம்பையே சாய்த்து இன்னும் ஒரு சுத்து. எப்போதும் அப்படித்தான். கேஸ் ரெகுலேட்டர், குடத்து மூடி, அம்மாவின் ஊறுகாய் ஜாடி, எதுவானாலும் கடைசியில் ஒரு சுத்து. அம்மா ஜாடியைத் திறக்க முடியாமல் திட்டுவாள்.

ஆறு வருடம் முன்னால் ஒரு கம்பத்திலிருந்து விழுந்தார். அவரே மாட்டிய கிளாம்ப், அவரே சரியாக இறுக்கவில்லை. இடுப்பில் பிளேட் வைத்து எட்டு மாதம் படுக்கை. நடக்கிறதை விட சைக்கிள் நல்லது என்று டாக்டர் சொல்லித்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. “அன்னைக்கு ஒரு சுத்து கம்மியா இருந்துச்சு” என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்ல மாட்டார்.


அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தராசுக்கும் பொட்டு வைத்தாயிற்று. லேப்டாப்புக்கு வைத்தால் கீபோர்டுக்குள் போகும் என்று நான் கெஞ்சி, மூடிமேல் வைத்தாள் அம்மா. நைனாவின் ஏணி, கட்டிங் பிளேயர், பெல்ட், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பொரி.

சைக்கிளுக்கு வரும்போது அம்மாவுக்குக் குழப்பம். ஹேண்டிலில் எங்கே வைப்பது? இரண்டு பக்கமும் டேப் சுற்றியிருக்கிறது. கிளாம்புக்குப் பக்கத்தில் மட்டும்தான் கொஞ்சம் வெற்று இடம். சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அங்கே அப்பி, அதன்மேல் குங்குமத்தையும் ஈரமாகவே அழுத்தினாள்.

“கறுப்புல செவப்பு எடுப்பா இருக்குது பாரு.”

“கொஞ்சமா வைம்மா, போட்டோ எடுக்கணும்.”

“சாமிக்கு வெக்கிறேன். ஒன் போட்டோவுக்கு இல்ல.”

எலுமிச்சம்பழம் வைத்து, அம்மாதான் சைக்கிளை உருட்டினாள். பழம் நசுங்கவில்லை, நழுவி ஓடிவிட்டது. 7.9 கிலோ எடை, அப்படித்தான் இருக்கும் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அம்மா முகம் மாறியது. நைனா போய்ப் பழத்தை எடுத்து வந்து காலாலேயே மிதித்து, “முடிஞ்சுது” என்றார்.


அக்டோபர் 2, வியாழன்

காலையில் எல்லாவற்றையும் துடைத்தேன். ஈரத் துணியால் ஒரு இழுப்பு, எல்லாப் பொட்டும் போய்விட்டது.

ஹேண்டிலில் மட்டும் ஒன்று போகவில்லை.

கிளாம்பின் ஓரத்திலிருந்து ஒரு கோடு வெளியே வருகிறது. தலைமுடி கனம். இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். சிவப்பாக, யாரோ மெல்லிய பேனாவால் இழுத்தது போல. மறுபடி துடைத்தேன். சோப்புப் போட்டுத் துடைத்தேன். மேலே இருக்கிற குங்குமம் துடைத்தால் போய்விடும். இது மேலே இல்லை. உள்ளே போயிருக்கிறது.

நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நகம் மாட்டுதா? மாட்டுது மாதிரியும் இருக்கு, மாட்டாத மாதிரியும் இருக்கு.

ஒண்ணுமில்ல. மேல்பூச்சா இருக்கும். மேல்பூச்சுதான்.


அக்டோபர் 3, வெள்ளி

தூக்கமே இல்லை. படித்ததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். எழுதினால் தலை கொஞ்சம் அடங்குகிறதா பார்ப்போம்.

அலுமினியம் உடையும் முன் வளையும், கிரீச்சிடும், ஏதாவது சொல்லும். கார்பன் பெரும்பாலும் சொல்லாது. நன்றாக இருக்கும், நன்றாக இருக்கும், பிறகு இருக்காது. சரியாக மாட்டினால் பல வருடம் வரும். அளவுக்கு மேல் இறுக்கி நசுக்கினால் மட்டும்தான் கிளாம்ப் ஓரத்தில் இப்படி வரும்.

நான் ஐந்துக்கு மேல் இறுக்கவே இல்லை. அப்புறம் எப்படி?

இன்னொன்றும் படித்தேன். கார்பனுக்கு கிரீஸ் போடக் கூடாது. அதற்கென்று மணல் மாதிரி நறநறவென்று ஒரு பேஸ்ட் இருக்கிறது, அது பிடித்துக்கொள்ளும். கிரீஸ் போட்டால் வழுக்கிச் சுழலும். நான் பார்த்த வீடியோ அலுமினியத்துக்கானது. இரண்டு வருடமாகப் படிக்கிறேன், இந்த ஒரு வரி என் கண்ணில் படவில்லை. பட்டிருக்கும். தாண்டிப் போயிருப்பேன். கிராம் மட்டும்தான் எனக்குக் கண்ணில் படும்.

ஃபோரத்தில் போட்டோ போட்டேன். ஒருவர், மேல்பூச்சு, கவலைப்படாதே என்கிறார். ஒருவர், தூக்கிப் போடு, கேள்வியே வேண்டாம் என்கிறார். மூன்றாவது ஆள் சொன்னது: கோட்டின் குறுக்கே நெயில் பாலிஷ் வை. சும்மா மேல்பூச்சு என்றால் பாலிஷ் அப்படியே இருக்கும். உள்ளே விரிசல் அசைந்தால் பாலிஷ் பிளந்துவிடும்.

காசால் தட்டிப் பார்த்தேன். வலது பக்கம் ‘டிக்’. கோடு இருக்கிற பக்கம் ‘டொக்’. எனக்கு அப்படிக் கேட்கிறதா, இல்லை பயத்தில் கேட்கிறதா?

சாயங்காலம் ரோஸ் கலர் பாலிஷ் வைத்தேன். நாளை நானே வாசலில் நின்று ஹேண்டிலை அழுத்திப் பார்ப்பேன். பிறகு நைனாவிடம் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைதானே ஓட்டுவார், நடுவில் ஒரு நாள் இருக்கிறது.

இன்றே சொல்லியிருக்கலாம். சாப்பிடும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். “எட்டு நாள்தான் இருக்குது பாப்பா” என்று சொல்லி சாம்பாரைக் கூட ஊற்றிக்கொண்டார். ஏரோப்ளேன் என்று சொன்ன வாயால் எப்படிச் சொல்வது?


அக்டோபர் 4, சனி

ஆறு மணிக்கு எழுந்தேன். சைக்கிள் இல்லை.

“ஞாயித்துக்கெழம டூட்டியாம். அதான் இன்னைக்கே போயிட்டாரு. பனமலை வரைக்கும்” என்றாள் அம்மா, கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டே.

போன் போட்டேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது பின்பக்கப் பையில், சைலண்ட்டில் இருக்கும். லொக்கேஷன் பார்த்தேன். நைனாவின் நீலப் புள்ளி பனமலை ஏரிக்கரையில். நின்றுகொண்டிருந்தது.

நிக்குது. அஞ்சு நிமிஷம் பாத்தேன், நிக்குது. பத்து நிமிஷம். அந்தக் கரை ரோட்டுல இறக்கம் இருக்கு. நாப்பதுல வருவாரு. தொண்ணூத்திரெண்டு கிலோவும் கை மேல இருக்கும். ஹேண்டில் போச்சுன்னா மொகம்தான் முதல்ல. இடுப்புல ஏற்கெனவே பிளேட்டு. நான் ஏன் நேத்தே சொல்லல. ஒரு வாய் சோறு சாப்புடற நேரம். ‘நைனா அதுல கோடு இருக்கு’. நாலு வார்த்தை. நாலே வார்த்தை.

இருபத்தைந்து நிமிடம். அம்மாவிடம் சொல்லவும் தைரியமில்லை. இளவரசன் அண்ணனுக்குப் போன் போட்டு, பைக்கில் போய்ப் பார்க்கச் சொன்னேன். “ஏம்மா, டீ குடிப்பாரு” என்றார். என் குரலில் என்ன இருந்ததோ, “சரி சரி, கெளம்பிட்டேன்” என்றார்.

அதற்குள் புள்ளி நகர்ந்தது.

ஒரு மணி நேரம் கழித்து நைனா வந்தார். பின்னாலேயே பாதி வழியில் எதிர்ப்பட்ட இளவரசன் அண்ணனும். நைனா கையில் தாமரை இலையில் கட்டின ஏதோ பூ, அம்மாவுக்கு. நான் நைனாவைப் பார்க்கவில்லை. ஹேண்டிலைப் பார்த்தேன்.

ரோஸ் பாலிஷ் இரண்டாகப் பிளந்திருந்தது. சுத்தமாக, நடுவில்.

அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். சொன்னேன், எல்லாவற்றையும். கிரீஸ், கோடு, நெயில் பாலிஷ். நேற்றே தெரியும் என்பதையும். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

நைனா ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. சீட்டுக்கடியில் இருக்கிற குட்டிப் பையைத் திறந்து, போல்ட் இறுக்குகிற ஒரு எல்-கீயை எடுத்து என் முன்னால் வைத்தார். பழைய, தேய்ந்த கீ. எங்கள் பெட்டியில் இருந்தது இல்லை.

“நான்தாம்மா இறுக்கினேன்.”

“எப்ப?”

“ஒவ்வொரு வாட்டியும். அது எறங்கும். நீ சரி பண்ணி க்ளிக்குன்னுவ. ரோட்டுல மறுபடி எறங்கும். ஒங்கிட்ட சொன்னா நீ செஞ்சது சரியில்லன்னு ஆயிடும். அதான் நானே ஓரமா நிறுத்தி ஒரு சுத்து. இன்னைக்கும் ஏரிக்கரையில சத்தம் வந்துச்சு. ஒரு சுத்து குடுத்தேன். அப்புறம் டீ குடிச்சேன்.”

கைராசி என்று எழுதியிருக்கிறேன், செப்டம்பர் 20-ல். மேலே போய்ப் படித்தேன்.

இளவரசன் அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்ல குடும்பம்பா. ஒருத்தர் கிரீஸ போட்டு வழுக்க வெக்கிறது, இன்னொருத்தர் இறுக்கி நசுக்கறது. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்றதில்ல.”

அம்மா பூவை வாங்கி வைத்துவிட்டு, ஹேண்டிலின் அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தொட்டாள். பிறகு உள்ளே போய் சாமி படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.


அக்டோபர் 5, ஞாயிறு

கழற்றினேன். கிளாம்புக்கு அடியில் கோடு இன்னும் இரண்டு விரல் நீளம். நாலு போல்ட்டின் இடத்திலும் கட்டை விரலால் களிமண்ணை அழுத்தினது போல லேசான பள்ளம்.

டூட்டி முடித்து மத்தியானம் நைனாவே சொன்னார், “ஒடச்சிப் பாத்துருவோம்.” எனக்கு வேண்டாம் என்று இருந்தது. ஆனாலும் போனோம். இளவரசன் அண்ணன் கடையில் மேசையோடு பொருத்திய வைஸ் பிடியில் வைத்து ஒரு முனையை இறுக்கினார்கள். நைனா இன்னொரு முனையில் இரண்டு கையையும் வைத்து, இறக்கத்தில் பிரேக் பிடிக்கிற மாதிரி சாய்ந்தார். ஒன்றுமில்லை. இரண்டாவது முறை சாய்ந்தார்.

டப்.

அவ்வளவுதான் சத்தம். பெரிதாகக் கூட இல்லை. நைனா முன்னால் விழப்பார்த்து வைஸ் டேபிளைப் பிடித்துக்கொண்டார்.

உடைந்த இடத்தைப் பார்த்தேன். பனை ஓலைப் பாயைக் கிழித்தது போல நார் நாராக, அடுக்கு அடுக்காக. மேலிருந்து மூன்று அடுக்கு வரை சிவப்பு இறங்கியிருந்தது. அம்மா வைத்த குங்குமம்.

நைனா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஒங்கம்மா கிட்ட ஒடஞ்சத காட்ட வேணாம்” என்றார்.

காட்டினோம். மறைக்கிறது போதும் என்று நான்தான் சொன்னேன்.


அக்டோபர் 6, திங்கள்

பழைய அலுமினிய ஹேண்டில் வேண்டும். இளவரசன் அண்ணன் அதைக் கடைச் சுவரில் ஆணியடித்து டியூப் மாட்டும் கொக்கியாக ஆக்கியிருக்கிறார். ஒரு மாதமாக ட்யூப்கள் தொங்கி, மேலெல்லாம் வெள்ளைப் பவுடர்.

“கரி வண்டிக்கு இன்னா வேணும்?”

“அண்ணே, ப்ளீஸ்.”

“கொக்கிக்கு இப்ப நான் எங்க போவேன்?” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு டியூபாகக் கழற்றினார். காசு வாங்கவில்லை. உடைந்த கார்பன் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதே ஆணியில் தொங்குகிறது இப்போது. “ட்யூப் மாட்டறதுக்கு வெயிட்டு கம்மியா நல்லா இருக்குது” என்கிறார்.

அலுமினியத்தைத் தராசில் வைத்தேன். 318. எண்ணைப் பார்த்து முதல் முறையாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

“நூத்தி இருபத்தாறு கிராம் ஏறிப்போச்சே பாப்பா” என்றார் நைனா. “பரவால்ல. கெளம்பறப்ப ஒரு கிளாஸ் தண்ணி கம்மியா குடிச்சிக்கிறேன்.”

மாட்டும்போது ரெஞ்சை அவர் கையில் கொடுத்தேன். நாலாவது போல்ட்டில் க்ளிக் வந்தது. நைனாவின் கை அப்படியே நின்றது. தோளெல்லாம் இன்னும் ஒரு சுத்துக்குத் தயாராகி நிற்பது எனக்குத் தெரிந்தது.

“இனிமே ஒனக்குத் தெரியாம இறுக்க மாட்டேன்” என்று ரெஞ்சைத் திருப்பிக் கொடுத்தார்.

“நானும் தெரிஞ்சா ஒடனே சொல்லிர்றேன்.”

தேய்ந்த அந்த எல்-கீயைத் தூக்கிப் போடப் போனார். வேண்டாம், பையில் இருக்கட்டும் என்றேன்.


அக்டோபர் 7, செவ்வாய்

புது வீடியோ. தலைப்பு: ‘நான் தப்பாகச் சொன்னேன்.’ கிரீஸ், டார்க், கோடு, டப். கார்பன் மோசமில்லை, நாங்கள் அதற்குச் செய்தது மோசம் என்பதையும் சொன்னேன். முன்னால் போட்ட வீடியோவை அழிக்கவில்லை, மேலே இதன் லிங்கைப் போட்டேன். பதினாலு பேர் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர், தான் இன்னும் மாட்டவே இல்லை, பேஸ்ட் வாங்கிய பிறகுதான் மாட்டுவேன் என்றார். மதுரை வெண்மதி, கழற்றித் துடைத்து போட்டோ அனுப்பினாள். கிரீஸ் போட்டிருந்தாள், என்னைப் பார்த்து. கோடு இல்லை. நாலு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை.


அக்டோபர் 11, சனி

காலை ஆறு மணி, புதுச்சேரி. நைனா கிளம்பிவிட்டார். திண்டுக்கல் வரை போய்த் திரும்ப வேண்டும். நாளை ராத்திரி பத்துக்குள். சேரன் அண்ணன் வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தோம். “நானூத்திமுப்பத்தொண்ணு வந்தாலே எனக்குப் போதும்” என்றார் சேரன் அண்ணன். நைனா அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

கொடியசைக்கும் முன் கூட்டத்தில் என்னைத் தேடி, ஹேண்டிலைத் தட்டிக் காட்டினார்.


அக்டோபர் 12, ஞாயிறு

மத்தியானம் மூன்றரைக்குப் போன். உளுந்தூர்பேட்டை. 520 முடிந்துவிட்டது. குரல் கரகரவென்று, தூரத்திலிருந்து வந்தது.

“பாப்பா, ஹேண்டில் தலய தொங்கப் போட்டுக்குது.”

“எப்பலருந்து நைனா?”

“பெரம்பலூர்லருந்து.”

எழுபது கிலோமீட்டருக்கு மேல். தொங்கிப்போன ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, கழுத்து வலிக்க.

“கீ பையிலதான இருக்குது? ஏன் இறுக்கல?”

“ஒங்கிட்ட கேக்காம எப்படி? அப்பவே போன் போட்டேன், நீ எடுக்கல.”

பார்த்தேன். இரண்டு மிஸ்டு கால். அம்மாவுடன் ரேஷன் கடை வரிசையில் நிற்பதாக நினைத்திருக்கிறார் போல, இன்று ஞாயிறு என்பதே மறந்திருக்கிறது. நான் தூங்கிப்போயிருந்தேன். பழைய ஹேண்டில், கிளாம்ப் பிடிக்கிற இடம் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. அதான்.

“நைனா, நேராக்கிட்டு நாலு போல்ட்டயும் இறுக்கு. கை தடுக்குற வரைக்கும். அப்புறம்…”

“அப்புறம்?”

“அது அலுமினியம் நைனா. தாங்கும். இன்னும் கால் சுத்து குடு.”

போனில் அவர் சிரிப்பது கேட்டது. பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு இறுக்குகிற சத்தம். மூச்சு. ஒரு லாரி போனது. நாலு போல்ட், நாலு மூச்சு. “ஆச்சு” என்றார். “எவ்ளோ சொகமா இருக்குது தெரியுமா.”


அக்டோபர் 13, திங்கள்

39 மணி 18 நிமிடம்.

ஹாலில் பாயில் தூங்குகிறார். சாக்ஸைக் கழற்றாமலேயே. அம்மா ஃபேனை இரண்டில் வைத்துவிட்டு, யாரும் ஹாலுக்குப் போகக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறாள். சேரன் அண்ணன் வந்து வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “அறுநூறு தூங்குதா?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.


நவம்பர் 15, சனி

புதிதாகக் கார்பன் ஹேண்டில் ஒன்று மாட்டியிருக்கிறோம். நல்லது, பேஸ்ட் போட்டு, ரெஞ்ச் பிடித்து. நைனாதான் கேட்டார். “அது மேல கோவம் இல்ல பாப்பா, நாமதான் சரியா நடத்தல.” எத்தனை கிராம் என்று அவர் கேட்ட பிறகுதான் தராசு ஞாபகம் வந்தது.

அம்மா இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாசல் நிலைக்குக் குங்குமம் வைத்த கையோடு சைக்கிளுக்கும் வைக்கிறாள். ஹேண்டிலில், கிளாம்ப் ஓரத்தில், ஈரமாக, நன்றாக அழுத்தி. இதற்கு டை டெஸ்ட் என்று ஒரு பெயர் இருக்கிறது, கப்பலுக்கும் ரயிலுக்கும் சிவப்புச் சாயம் ஊற்றி இப்படித்தான் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். “வெள்ளிக்கெழமைக்கு வெக்கிறேன்” என்றாள்.

இன்று காலை ஐந்தரை. நைனா ஹெல்மெட் போட்டு, ஷூ மாட்டி, வாசலில் தயாராக நின்றார். கிளம்பவில்லை. அம்மாவும் டீ டம்ளரோடு கதவோரம் நின்றாள். நான் துணியை நனைத்து, பிழிந்து, ஹேண்டிலை ஒரு இழுப்பு துடைத்தேன். லைட் அடித்து, குனிந்து, சுற்றிலும் பார்த்தேன்.

சிவப்பு எங்கும் நிற்கவில்லை.

“போய்ட்டு வா நைனா” என்றேன்.